பல் போன சோமாசிக் கரண்டி

கார்த்திகைப் புயல் கடந்த மறுநாள் காலையில் குருசுக்குப்பத்துக் கடற்கரையில் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் வரைக்கும் அங்கே வெறும் மணல். புயல் அந்த மணலை எல்லாம் வாரிக்கொண்டு போய் எந்த ஊருக்குத் தானம் செய்ததோ, போகிற போக்கில் இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. உருண்டையாக, நடுவே ஓட்டையாக, உடம்பெல்லாம் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு, மேல் விளிம்பு யாரோ கடித்துத் துப்பியதுபோல் இருந்தது. அலை வந்தால் இடுப்பளவு நனைந்தது. அலை திரும்பும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் கொப்பளித்து நீளமாக ஓர் ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்துக்கு முதலில் நாய்கள் கூடின. பிறகு மனிதர்கள்.

"ராக்கெட்டு" என்றான் ஃபைபர் படகு வைத்திருக்கும் கலியமூர்த்தி. "மேல உடுறான் இல்ல, அதுல கழண்டு உழுந்தது. போன வருசம் எங்க வலையில ஒண்ணு மாட்டுச்சே."

"உன் வலையில மாட்டுனது பெயிண்ட் ட்ரம்மு" என்றார் கோவிந்தராசு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கடலிலிருந்து எது வந்தாலும் தன்னைக் கேட்டுத்தான் பெயர் வைக்கவேண்டும் என்று நினைப்பவர். "இது பிரெஞ்சுக்காரன் பீரங்கி. குத்துக்கல்லா நட்டு வெச்சிருக்கான்."

"வாயி இம்மாம் அகலமாவா இருக்கும், மாமா?"

"பெரிய குண்டு போடுறதுக்கு."

"அந்தக் குண்ட போட்டிருந்தா மெட்ராசே இருந்திருக்காதே!"

"அதனாலதான்டா போடல."

மீன்கூடையை இறக்கி வைத்திருந்த ஆயம்மா அருகில் போய் முகர்ந்து பார்த்து, அது செத்துப்போன திமிங்கலத்தின் தொண்டை என்று சொல்லிவிட்டு வியாபாரத்துக்குப் போனாள். பகல் பன்னிரண்டு மணிக்குள் அதற்கு யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். இன்னொருவர் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார். எந்தச் சாமி என்று தெரியாத நிலையில் இரண்டும் இருக்கட்டும் என்று இரண்டு தரப்பாரும் விட்டுவிட்டார்கள்.

செய்தி உழவர்கரைக்குப் போய்ச் சேரும்போது அது தங்கப் பொம்மை வைத்த முழுக் கப்பலாகியிருந்தது. பால் பாக்கெட் வாங்கப்போன இடத்தில் ஸ்டெல்லாமேரி கேள்விப்பட்டது கப்பலைப் பற்றித்தான். அவளுக்குக் கப்பலில் அக்கறை இல்லை. "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னார்கள். பால் பாக்கெட்டைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஸ்டெல்லாமேரிக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளைக்காரர் தெருப் பக்கம் மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூணுமாக இருக்கும் ஒரு விருந்தினர் விடுதியில் அறை பெருக்கி, படுக்கை விரித்து, டிசம்பர் வந்தால் விடுதிக்காரி மதாமின் சமையல்கட்டிலேயே பலகாரமும் சுட்டுக் கொடுப்பாள். ஊரே கதை கட்டுகிற ஊரில் அவளுக்கு மட்டும் கதை கட்ட வராது. "தலைவலி, இன்னைக்கு லீவு" என்று சொல்லக்கூட நிஜமாகத் தலை வலிக்கவேண்டும். அப்படிப்பட்ட பெண்ணைத்தான் ஆறு மாதமாக ஓர் அலுவலகம் நம்ப மறுத்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். கடல் அரித்து வீடு இழந்த குடும்பங்களுக்குக் காலாப்பட்டுப் பக்கம் மாற்று மனை கொடுக்கப்போவதாக ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. வேறொரு குப்பத்தில் ஊரார் சேர்ந்து இல்லாத பதினோரு வீட்டுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டபடியால், சாட்சி செல்லாது, தடயம் வேண்டும் என்று அதிகாரி சந்திரகலா உறுதியாக நின்றார். அஸ்திவாரம், படி, கிணறு, எதுவானாலும் சரி, கண்ணால் பார்க்கவேண்டும். பின் வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கருங்கல் சுவருக்குப் பின்னால் அரை அஸ்திவாரமாவது மிச்சம் இருந்தது. ஸ்டெல்லாமேரியின் வீடோ முதல் வரிசை. அதிகாரி "எங்கம்மா வீடு?" என்று கேட்டபோது அவள் கடலைக் காட்டினாள். பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் வேறு எதையாவது காட்டியிருப்பாள்.

அந்த வீட்டைக் கட்டியது அவள் கணவன் அந்தோணி. குருசுக்குப்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆம்பளை என்று அவனைச் சொல்வார்கள். உழவர்கரையிலிருந்து வந்த கொத்தனார். படகில் ஏறினால் கரையிலேயே வாந்தி எடுப்பான். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, கடன் வாங்கிய இரும்பு அச்சில் முற்றத்திலேயே கிணற்றுக்குப் பதினோரு சிமெண்ட் உறை வார்த்தான். வார்த்த உறை ஈரமாக வரிசையாக நின்றதைப் பார்த்த ஸ்டெல்லாமேரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் சோமாசிக் கரண்டியை எடுத்து வந்து, அதன் நுனியில் இருக்கும், சோமாசி ஓரத்தை வெட்டும் பல்சக்கரத்தை உறையின் வயிற்றைச் சுற்றி இரண்டு வட்டம் உருட்டினாள்.

"மண்ணுக்குள்ள போற உறைக்கு எதுக்குடி ஜிகினா வேலை?" என்றான் அந்தோணி.

"எனக்குத்தான் கழுத்துல ஒண்ணும் இல்ல. அதுக்காவது இருக்கட்டும்."

அவன் ஓரமாக நகர்ந்து இடம் விட்டான். பதினோரு உறைக்கும் இரண்டிரண்டு வரி மாலை விழுந்தது. அதற்குப் பிறகு அந்தோணி எங்கே சிமெண்ட் பூசினாலும், அவள் பக்கத்தில் இருந்தால், பூச்சு காய்வதற்குள் ஓர் ஓரத்தில் சக்கரம் ஓடியிருக்கும். மேஸ்திரிகள் திட்டினார்கள். திட்டு வாங்கியது அந்தோணி.

கிணறு, கடலிலிருந்து நாற்பது தப்படிதான். தண்ணீர் அத்தனை தித்திப்பு. அந்தத் தண்ணீரில் போட்ட டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று ஒரு பேச்சு இருந்தது, சர்க்கரை வியாபாரி ஒருவர் அதைக் கேட்டு ஊரையே காலி செய்துகொண்டு போனதாகவும் ஒரு பேச்சு இருந்தது. இரண்டாவதை நம்பவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கடல் அந்த வீட்டை ஒரே நாளில் கேட்கவில்லை. பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது. முதலில் தென்னை, பிறகு குளியலறை, ஒரு ஐப்பசி மழையில் சமையல்கட்டும் அலமாரியும் சேர்ந்து. அலமாரிக்குள் பத்திரம், வரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் இருந்தன. சோமாசிக் கரண்டி மட்டும் தப்பித்தது. தீபாவளிப் பலகாரத்துக்கென்று கலியமூர்த்தியின் மனைவி பாக்கியலட்சுமி அதை இரவல் வாங்கிப் போயிருந்தாள். கடைசியாகக் கிணற்றின் மேலும் மணல் ஏறியது. அந்தோணி உழவர்கரையில் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தான். அந்த அறையிலேயே ஒன்பது வருடத்துக்கு முன் இறந்தும் போனான்.

அன்று வேலைக்குப் போனதும் விடுதி வாசலிலேயே செம்மல் நின்றிருந்தான். வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. நாற்பது வயது, பனையோலைத் தொப்பி. ஒரு பிரெஞ்சுத் தம்பதியிடம் கையை விரித்து விரித்துப் பேசிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தான்.

"யக்கா, உங்க பழைய ஊரு எங்கேயோ போயிடுச்சு! ரோமானியன் கட்டுன உறைக்கிணறு. ரெண்டாயிரம் வருசம்!"

"கிணறா?"

"அரிக்கமேட்டுல பானை ஓட்டுல சக்கரம் உருட்டுன கோலம் இருக்கு இல்ல? அதே கோலம் இந்த உறையில ஓடுது. நான் கண்ணால பார்த்தேன். அதுலயும் ஒரு சூட்சுமம். பத்தொம்போது புள்ளி, அப்பறம் ஒரு இடைவெளி. மறுபடி பத்தொம்போது, மறுபடி இடைவெளி. பத்தொம்போது வருசத்துக்கு ஒருக்கா நெலா அதே தேதிக்கு வரும்க்கா. அதைக் குறிச்சு வெச்சிருக்கான். என்னா மூளை!"

ஸ்டெல்லாமேரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அது நெலா இல்ல செம்மல். அந்தக் கரண்டிக்கு ஒரு பல்லு இல்ல."

"எந்தக் கரண்டிக்கு?"

"எங்க சோமாசிக் கரண்டிக்கு. வாங்கும்போதே இல்ல. கடைக்காரன் எங்கப்பாவை ஏமாத்திட்டான்."

செம்மல் சிரித்த சிரிப்பில் மதாம் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். புதுச்சேரியில் மண்ணைத் தோண்டினால் ரோமானியன், மாடத்தைத் தட்டினால் பிரெஞ்சுக்காரன் என்பது பாடப்புத்தகத்திலேயே ஊறிப்போன விஷயம். நடுவில் ஒரு கொத்தனார் வாழ்ந்துவிட்டுப் போயிருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

சாயங்காலம் அவள் கடற்கரைக்குப் போனாள். கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். மேல் உறைகள் போய்விட்டன. நான்காவதோ ஐந்தாவதோ வெளியே தெரிந்தது. இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த அந்த வயிற்றில் இரண்டு வரி மாலை அப்படியே இருந்தது. முன்னால் ஒரு பெண் சூடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க கிணறு" என்றாள் ஸ்டெல்லாமேரி, யாரிடம் என்றில்லாமல்.

கோவிந்தராசு திரும்பிப் பார்த்தார். "அம்மாடி, உனக்கு மனை வேணும்னா கேட்டு வாங்கு. அதுக்காகப் பீரங்கியப் போயி..."

"பீரங்கின்னா அதுக்கு எதுக்குச் சூடம்?"

"நாம வெக்கறதுதானே மரியாதை!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. வேறொரு கணக்கு மனதில் ஓடியது. பட்டியல் டிசம்பர் இருபதாம் தேதி முடிகிறது. இது ரோமானியனுடையதாக இருந்தால் வேலி போட்டுவிடுவார்கள், அவள் தடயம் வேலிக்குள் போய்விடும். மறுபடி மணல் ஏறினால் கடலுக்குள் போய்விடும். இரண்டில் எது முந்தும் என்பதுதான் கேள்வி. மறுநாள் காலையிலேயே போய்ச் சந்திரகலாவிடம் மனு எழுதிக் கொடுத்தாள். "ரோமானியக் கிணறு என்று சொல்லப்படும் எங்கள் கிணற்றைப் பார்வையிட வேண்டுகிறேன்" என்று தொடங்கிய அந்த மனுவை அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, தொல்லியல்காரர்கள் முதலில் பார்க்கட்டும் என்றார்.

தொல்லியலிலிருந்து வந்தவர் நான்கு நாள் கழித்து வந்தார். செம்மல் அவருக்குக் குடை பிடித்தான். அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து உறையைச் சுரண்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தார் என்று கலியமூர்த்தி சொல்கிறான். அது அவன் சேர்த்ததாக இருக்கலாம். "போர்ட்லேண்ட் சிமெண்ட். உள்ள கம்பி வேற இருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோ திரும்புவதற்குள் அதிலேயே ஏறிப் போய்விட்டார்.

செம்மலின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ரோமானியனுக்குக் கம்பி தெரியாதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றான். கேட்க ஆள் இல்லை. எல்லோரும் வேறொரு யோசனைக்குப் போயிருந்தார்கள். ரோமானியனின் கிணறு என்றால் யாருக்கும் பயனில்லை. நம் காலத்துக் கிணறு என்றால் ஒரு மனை. அன்று பொழுது சாய்வதற்குள் பீரங்கிக்கும் ராக்கெட்டுக்கும் ஆள் இல்லாமல் போய், அது கிணறுதான் என்று கடற்கரை முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. மறுநாள் சந்திரகலா கோப்போடு வந்து இறங்கியபோது அந்த ஒரு கிணற்றுக்கு மூன்று சொந்தக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் கோவிந்தராசு, அவருக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் வீடு வைத்திருந்த இராமதாஸ், கடைசியில் பலகாரப் பையோடு ஸ்டெல்லாமேரி.

சந்திரகலா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஐயா, நீங்கதானே பீரங்கின்னு பேப்பர்காரங்ககிட்ட சொன்னது?"

"ஆமாம்மா" என்றார் கோவிந்தராசு. "கெணத்துக்குள்ள பீரங்கி இருந்துச்சுன்னு சொன்னேன். அவங்க பாதிய உட்டுட்டாங்க."

"எத்தனை உறை?"

"பன்னெண்டு."

"ஒம்போது" என்றார் இராமதாஸ்.

"பதினொண்ணு" என்றாள் ஸ்டெல்லாமேரி. அடி உறை கடலுக்கடியில் இருக்கையில் யார் இறங்கி எண்ணுவது? மூன்று பேர் கிணற்றிலும் தண்ணீர் தித்திப்பாகத்தான் இருந்தது. அதில் மட்டும் ஒற்றுமை.

"வேற என்ன அத்தாட்சி?"

ஸ்டெல்லாமேரி பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே மைதா மாவு உருண்டை. டப்பாவின் மூடிமேல் ஒரு பாலிதீன் தாளை விரித்து, மாவை உள்ளங்கையால் தட்டி, கரண்டியின் சக்கரத்தை அதன்மேல் உருட்டினாள். பத்தொன்பது பல், ஒரு வெறுமை. பத்தொன்பது பல், ஒரு வெறுமை. பிறகு கரண்டியை உறையின் வயிற்றில் இருந்த கோட்டில் வைத்து உருட்டிக் காட்டினாள். சக்கரம் பழைய தடத்தில் பல் பல்லாக இறங்கி ஓடியது.

கலியமூர்த்தி எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "அட! இது நம்ம சோமாசி! வருசா வருசம் கிறிஸ்மஸ் தட்டுல வருமே, ஓரத்துல ஒரு எடம் மட்டும் பல்லு இல்லாம மழமழன்னு! கடிக்க வசதியா இருக்கட்டும்னு வெச்சிருக்காங்கன்னு இல்ல நெனச்சேன்!"

"முப்பது வருசமா தின்னு இருக்க, இதையா நெனச்ச?" என்றாள் பாக்கியலட்சுமி பின்னாலிருந்து.

சந்திரகலா சிரிக்கவில்லை. கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கோலத்த ஒரு வாரமா ஊரே போட்டோ எடுத்துப் போட்டிருக்கு. பத்தொம்போதுன்னு எண்ணியும் சொல்லிட்டாங்க. அதைப் பார்த்துட்டு வீட்டுல ஒரு பல்லை அரத்தால ராவிட்டு வந்திருக்கலாமே? சாட்சி செல்லாதுன்னு முன்னாடியே சொல்லிட்டேன். இந்தக் கரண்டி முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சுன்னு காட்டுறதுக்கு, தேதி போட்டது ஏதாவது இருக்கா?"

கோவிந்தராசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். கேள்வி நியாயமான கேள்வி. பொய் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் எதையாவது சொல்லியிருப்பார்கள். ஸ்டெல்லாமேரி யோசித்தாள். சோமாசி தேதி போட்டுச் சுடுவதில்லை. அந்தோணி பூசிய சுவர்களில் பாதி இடிந்துவிட்டது, மீதிக்குமேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். தேதி போட்ட சிமெண்ட் என்று உலகத்தில் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

"இருக்குதும்மா" என்றாள். "அங்க வரணும்."

"எங்க?"

"கல்லறைக்கு."

கிணறு ஏப்பம் விட்டது.

ஜீப்பில் சந்திரகலாவும் ஸ்டெல்லாமேரியும் போனார்கள். பின்னால் ஒரு மோட்டார் பைக்கில் கலியமூர்த்தியும் பாக்கியலட்சுமியும், இன்னொன்றில், தன்னை யாரும் அழைக்காதபோதும், செம்மலும். கல்லறைத் தோட்டத்தில் மூன்றாவது வரிசையில் அந்தோணி படுத்திருந்தான். சாதாரண சிமெண்ட் மேடு. தலைமாட்டில் பெயரும், பிறந்த தேதியும், ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பிப்ரவரித் தேதியும். ஸ்டெல்லாமேரி முந்தானையால் தூசியைத் தட்டினாள். மேட்டின் நான்கு ஓரத்திலும் இரண்டு வரி மாலை ஓடியது.

"அடக்கம் முடிஞ்சு மறுவாரம் பூசுனாங்க" என்றாள். "நான் பக்கத்துலதான் நின்னேன். ஈரமா இருந்துச்சு. கை சும்மா இருக்கல. மேஸ்திரி திட்டுனாரு. இந்தத் தடவ திட்டு எனக்கே வந்துச்சு."

சந்திரகலா குனிந்தார். விரலால் எண்ணினார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பத்தொன்பதில் நின்றது, வெறுமையைத் தாண்டியது, மறுபடி தொடங்கியது. ஒரு பக்கம் முழுக்க எண்ணிவிட்டு, சந்தேகத்துக்கு அடுத்த பக்கமும் எண்ணினார். பிறகு, பூச்சுக்குமேல் வளர்ந்திருந்த பாசியை நகத்தால் கீறி, அது பழைய பாசிதானா என்றும் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாளை ஏமாற்றுவது லேசில்லை.

"போட்டோ வேணும்" என்றார் நிமிர்ந்து. "கரண்டி, கல்லறை, மனுதாரர், மூணும் ஒண்ணா தெரியணும்."

செம்மல்தான் எடுத்தான். "யக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றான் பழக்க தோஷத்தில். "கல்லறை பக்கத்துல நின்னுக்கிட்டா?" என்று பாக்கியலட்சுமி அவன் தோளில் ஒன்று வைத்தாள். படத்தில் ஸ்டெல்லாமேரி கரண்டியை மெழுகுவர்த்திபோல் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கவில்லை, அழவுமில்லை. அரசாங்கக் கோப்பில் அந்தப் படத்துக்குக் கீழே "தடயம்: சோமாசிக் கரண்டி (பித்தளை, பல் 19)" என்று எழுதியிருக்கிறது. கரண்டியையே கோப்போடு வைத்துக்கொள்ளலாமா என்று சந்திரகலா கேட்டார். கிறிஸ்மஸுக்கு எட்டு நாள் இருக்கையில் அது நடக்காது என்று ஸ்டெல்லாமேரி சொல்லிவிட்டாள். பதிலுக்கு ஒரு சோமாசியைப் பாலிதீன் உறையில் போட்டுக் கோப்பில் பின் அடித்துக் கொடுத்தாள். பொங்கல் வரைக்கும் அந்த அலமாரிக்கு எறும்புகள் வரிசை கட்டி வந்துபோயின என்கிறார்கள். பூரணத்தை முழுக்கத் தின்றுவிட்டு, தடயமாயிற்றே என்று ஓரத்தை மட்டும் அவை தொடவில்லையாம். இது உண்மையா என்று பார்க்க அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கவேண்டும்.

பட்டியலில் அவள் பெயர் இருபதாம் தேதி ஏறியது. இருபத்திரண்டாம் தேதி கிணற்றின்மேல் மணல் ஏறத் தொடங்கியது. புது வருடத்துக்குள் மஞ்சள் துணியின் நுனிகூடத் தெரியவில்லை. கோவிந்தராசு இப்போது அங்கே ஒரு பீரங்கி புதைந்திருப்பதாகச் சொல்கிறார். செம்மல் தன் கூட்டத்தை மணல்மேட்டில் நிறுத்தி, ரோமானியர்கள் சோமாசி தின்றதற்கான ஆதாரம் இந்த இடத்தில்தான் கிடைத்தது என்று விளக்குகிறான். வெள்ளைக்காரர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள்.

மாசி மாதம் காலாப்பட்டுப் பக்கம் மனை அளந்து கொடுத்தார்கள். ஸ்டெல்லாமேரி விடுதியில் லீவு சொல்லிவிட்டு, சென்னை பஸ் ஏறிப் போய் வழியில் இறங்கினாள். நான்கு மூலையிலும் கல் நட்ட வெறும் மணல். கடல் எங்கே என்று கேட்டால் கை காட்டுகிற தூரத்துக்கு அப்பால். நான்கு கல்லையும் ஒரு முறை சுற்றி வந்தாள். பக்கத்து மனைக்காரர் வீடு கட்டுவதில் முந்திக்கொண்டுவிட்டார். வாசல்படிக்கு அப்போதுதான் சிமெண்ட் பூசிவிட்டு, ஈரச் சாக்கு எடுத்து வரக் கொத்தனார் எங்கோ போயிருந்தார். படி வழுவழுவென்று பளபளத்தது.

ஸ்டெல்லாமேரி தெருவின் இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். பைக்குள் கையை விட்டாள்.